கெண்டைக்கால்

அதே வண்டி அல்ல.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
அதை அப்பா விற்றுவிட்டார், யாருக்கென்று சொல்லவில்லை.
மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்த நான்
கேட்கவும் இல்லை.

இது வேறு. எண்பத்திரண்டாம் வருடத்து ஹோண்டா,
கோர்டி போஷானின் கோழிக்கொட்டகையில்
கவிழ்ந்து கிடந்தது.
"எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்றார்,
இருநூறு டாலரை மட்டும் இரண்டு முறை எண்ணினார்.

சிவப்பு, ஈறு நிறத்துக்கு வெளுத்திருந்தது.
காற்று வடிகட்டிக்குள் எலி குடித்தனம்:
இருக்கைப் பஞ்சு, சோளத்தோல்,
யாரோ கட்டாத வரியின் நோட்டீஸில் ஒரு மூலை.
கார்புரேட்டரைத் திறந்தேன்.
முப்பது வருடத்துப் பெட்ரோல்
அடியில் பிசினாகி உட்கார்ந்திருந்தது.

ஜப்பான் திருகின் தலைக்கு
எங்கள் ஊர் ஸ்க்ரூடிரைவர் பொருந்துவதுபோல் நடிக்கும்,
பிறகு மழித்துவிடும்.
சரியானது ஒன்பது டாலர், தபாலில் வந்தது.
இத்தனை நாளும் ஒரு ஊரே
தப்பான ஆயுதத்தோடு
வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தது.

பிஸ்டன் அசையவில்லை.
டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றினேன்.
பதினொரு நாள்.
பன்னிரண்டாம் நாள், பள்ளிப் பேருந்துகளின் பிரேக்கெல்லாம் பார்த்து முடித்து வந்து,
மரக்கட்டை வைத்து, கோபமே இல்லாமல்,
ஒரு தட்டு.
அரை அங்குலம் இறங்கியது.
ஷெட்டில் தனியாக நின்று கை தட்டினேன்.

பின் அச்சு ஒரே கம்பி,
இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுழலும்.
திரும்ப வேண்டுமா,
வெளிப்பக்க மிதியில் அழுத்தி
உள்சக்கரத்தை லேசாக்க வேண்டும்.
பயந்தால் கால் தானாகத் தரையைத் தேடும்.
ஊன்றிய காலின் மேல் பின்சக்கரம் ஏறும்.
வண்டிக்கு எவர் மேலும் பகை இல்லை.
பன்னிரண்டு வயதில் இதை யார் சொன்னார்கள்?

ஏப்ரலில், வேலியோரப் பனி இன்னும் கறுத்துக் கிடக்கையில்,
பதினான்காவது இழுப்பில் கயிறு கையைச் சுட
அது இருமிக்கொண்டு எழுந்தது.
பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போனேன்.
சத்தம் கேட்டு வெர்னா கல்லாவை விட்டு வந்தாள்,
ஒன்றும் பேசாமல் காலுறையைக் கீழே இறக்கினாள்.
வைனோ லாஹ்தி லாரியிலிருந்து குதித்து
கால்சட்டையைச் சுருட்டினார்.
காபி வாங்க வந்த கோர்டியும்.
எல்லாம் ஒரே இடம், கெண்டைக்காலின் பின்புறம்,
உள்ளங்கை அகலம், மீசை மழித்த தோல்போல் பளபளப்பு.
நானும் காட்டினேன்.
நாற்பது வருடம் ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தவர்கள்
சிரித்த சிரிப்பில்
நாய் ஒன்று குரைத்தது.

அப்போது நான்காவது பம்பில்
மார்லிஸ் டெர்வோ
குழாயை அதன் இடத்தில் மாட்டினாள்.

வைனோ கால்சட்டையை இறக்கினார்.
வெர்னா காலுறையை மேலே இழுத்தாள்.
மார்லிஸின் தம்பிக்குத் தழும்பு இல்லை.
தழும்பு வர நாளாகும்.

அவள் நடந்து வந்தாள்.
பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.
"காற்று அதிகம். இதற்கு இரண்டு பவுண்டு போதும்."
நகத்தால் வால்வை அழுத்தி
ஸ்ஸென்று கொஞ்சம் வெளியே விட்டாள்,
மறுபடி அமுக்கிப் பார்த்தாள், மறுபடி விட்டாள்.
இதெல்லாம் எங்கே தெரிந்துகொண்டாள் என்று
யாரும் கேட்கவில்லை.

"ஒரு சுற்று?"

ஹெல்மெட்டை நீட்டினேன்.
வாரை இரண்டு தடவை சரிபார்த்து,
தாமிரச் சுரங்கத்தின் பழைய மணல்மேட்டை நோக்கிப் போனாள்.
திருப்பத்தில் வெளிப்பக்க மிதியில் எழுந்து நின்றதைப் பார்த்தோம்.
பிறகு பார்க்க ஒன்றுமில்லை, சத்தம்தான்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் அது நின்றது.

ஏரியிலிருந்து காற்று வந்தது.
கோர்டியின் காபி மேல் ஆடை படிந்தது.
வெர்னா கல்லாவுக்குத் திரும்பவில்லை,
உள்ளே யாரோ மணியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
நான் மனதுக்குள் கயிற்றை இழுத்தேன்,
சோக்கைப் பாதி மூடு, மார்லிஸ்,
சூடாக இருக்கிறது, முழுதும் வேண்டாம்,
இன்னொரு முறை,
இன்னொரு